பம்ப்பைத் திருப்பி வைத்த மத்தியானம்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடி என் வலது காதில் இருக்கிறது. அதன் இரும்பு முனை, ஓடுகிற இன்ஜினின் டீசல் பம்ப்பின் மேல். ஒரு கையில் ஸ்பேனர். கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினால்தான் எனக்கு நன்றாகக் கேட்கும் என்று கிள்ளான் முழுக்க நம்பவைத்திருந்த காலம் அது.

பக்கத்தில் குணா நிற்கிறான். அவன் சட்டையில் செவ்வந்திப் பூ வாசம். எத்தனை முறை துவைத்தாலும் போகாது என்று அவன் மனைவி விமலா சலித்துக்கொள்வாள். என் பட்டறையின் டீசல் நாற்றத்துக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும்.

"போதுமாண்ணே?"

"பேசாம இருப்பா. கேக்க விடு."

பம்ப்பை இன்னும் ஒரு மயிரிழை இன்ஜின் பக்கம் சாய்த்தேன்.

"அண்ணே, உள்ள யாரோ சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு லா."

"டீசல் இன்ஜின் அடிக்காம பின்ன தாலாட்டா பாடும்? பூ விக்கிறவனுக்கு இன்ஜின் சத்தத்தப் பத்தி என்ன தெரியும்?"

குணா சிரித்துவிட்டான். அவனுக்கு என் வாய் பழக்கம். நான் நட்டை முறுக்கினேன்.

அந்தச் சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. இதைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டேன், இனிமேல் முடியாது.

ஒரு வாசகரின் பாராட்டு

அரிசி லோரி மழையில் நின்றுபோன கதையை இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'உங்களுக்கு இருப்பது காது அல்ல, கடவுள் கொடுத்த கருவி' என்று எழுதியிருந்தார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பேர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பழைய டீசல் வண்டிகளுக்கு பம்ப்தான் உயிர். எந்தக் கணத்தில் எவ்வளவு டீசல் உள்ளே பாய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பம்ப்பை இன்ஜின் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் டீசல் முன்கூட்டியே பாயும், வண்டிக்கு இழுவை கூடும். அளவு மீறினால் உள்ளே வெடிப்பு நேரம் தவறி பிஸ்டனின் தலையில் அடிக்கும். அந்த அடி காதுக்குக் கேட்கும்.

ஆகவே எங்கள் வழி இதுதான். தட்டுகிற சத்தம் கேட்கும்வரை திருப்ப வேண்டும். கேட்டதும், சத்தம் அடங்கும்வரை கொஞ்சம் பின்னால் இழுத்து நட்டை முறுக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த வட்டாரத்தில் பாதி மெக்கானிக்குகள் இப்படித்தான் செய்தோம்.

இதற்கென்று அளவுமானி இருக்கிறது. கடிகாரம் மாதிரி முகம், நடுவில் முள். பம்ப்பின் பின்னால் மாட்டினால் எவ்வளவு திருப்பலாம் என்று கறாராகக் காட்டிவிடும். என்னிடமும் ஒன்று இருந்தது. மேசை டிராயரில், டப்பாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. வாடிக்கையாளர் எதிரில் அதை எடுத்து மாட்டுவதா? காது அண்ணன் என்று பேர் வாங்கியவனுக்கு அதைவிடக் கேவலம் உண்டா? அப்படி ஒரு திமிர்.

பூ வண்டி

குணாவின் வண்டி ஜப்பான் பிக்அப். அவன் கைக்கு வந்தபோதே மூன்று பேர் ஓட்டித் தள்ளியது. பின்னால் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கட்டி, கேமரன் மலைக்குப் போய் செவ்வந்தியும் ரோஜாவும் ஏற்றிவந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரே அக்கா நடத்தும் இரண்டு மாலைக் கடைகளுக்குப் போடுவான். வாரம் மூன்று முறை. காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் பூ கடைக்கு வந்துவிட வேண்டும்.

சமவெளியில் வண்டி ஒழுங்காகவே ஓடும். தாப்பாவிலிருந்து மலை ஏறத் தொடங்கியதும் மூச்சு வாங்கும். இரண்டாவது கியரில் உருண்டு உருண்டு போகும். பின்னால் வருகிற லோரிக்காரன் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவான். அப்போதுதான் புத்தம்புது பிக்அப் ஒன்றோடு இன்னொரு ஆள் அந்தத் தொழிலில் இறங்கியிருந்தான். அவன் சர்ரென்று ஏறிப்போய்த் தோட்டத்தில் முதலில் நிற்பான். முதலில் வருகிறவனுக்கு நல்ல பூ. குணாவுக்கு மிச்சம் மீதி.

"அண்ணே, தீபாவளிக்கு முந்தின நாள் ரெண்டு கடைக்கும் நான்தான் பூ இறக்கணும். நல்ல பூவா, நேரத்துக்கு. இறக்கிட்டா வருஷம் பூரா எனக்குத்தான் ஆர்டர்னு கடைக்கார அக்கா சொல்லிட்டாங்க. தவறிச்சுன்னா அந்தப் புது வண்டிக்காரனுக்குக் குடுத்துடுவாங்க."

"அதுக்கு?"

"வண்டிக்கு இழுவை ஏத்திக் குடுங்கண்ணே. மலை ஏறணும், அவ்வளவுதான்."

வேறு யாராவது இருந்தால் புது இன்ஜின் போடு என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. நாலு நாள் வண்டியை வைத்துக்கொண்டேன். காற்று வடிகட்டியை மாற்றினேன். அடைத்துப்போன புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னும் அகலமான குழாய் போட்டேன். டர்போவுக்குப் போகிற ரப்பர் குழாய்களில் காற்று கசிவதை நிறுத்தினேன். டீசல் அளவைக் கூட்டும் திருகை அரைச்சுற்று உள்ளே விட்டேன். இவ்வளவும் சரியான வேலைதான். இன்றைக்கும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன்.

கடைசியாகத்தான் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன்.

மூன்று விசில்

இங்கே வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருடமெல்லாம் என் மனைவி தனத்துக்கும் எனக்கும் ஓயாத சண்டை, குக்கரால். "மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போவாள். நான் சமையலறைக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஓடிவரும்போது பருப்பு கரிந்திருக்கும்.

"விசிலு பக்கத்து வீட்டுக்கே கேட்டுச்சு. நீங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க?"

"குக்கர்ல கோளாறு. ரப்பர் போயிடுச்சு."

ரப்பர் மாற்றினேன். குக்கரையே மாற்றினேன். பருப்பு கரிந்துகொண்டே இருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அவள் தலைவலித் தைலத்தைத் தடவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள்.

எங்கே போனது என் காது என்று கேட்டால், சாலாக் செலாத்தானில் போனது என்பேன். இளவயதில் அங்கே ஒரு லோரிப் பட்டறையில் பல வருடம் வேலை. ஒரு பக்கம் தகரம் தட்டுவார்கள், இன்னொரு பக்கம் கிரைண்டர் கிறீச்சிடும். காதில் எதையாவது வைத்து அடைத்துக்கொண்டால் 'பொம்பளப் புள்ளையா நீ' என்று கேலி பண்ணுவார்கள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் தலைக்குள் ஙொய் என்று ஒரு சத்தம். அது வேலை செய்ததற்கு அடையாளம் என்று பெருமைப்பட்டுக்கொண்ட முட்டாள் நான்.

தடித்த சத்தங்கள் எல்லாம் எனக்குக் கேட்டன. பேச்சு கேட்டது, லோரி கேட்டது, கோயில் மேளம் கேட்டது. மெல்லிய கூரான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகப் போயிருந்தன. விசில் போனது. பிஸ்டன் தலையில் விழுகிற அந்த அடியின் கூர்மையும் போயிருந்தது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். சந்தேகம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

பறக்குதுண்ணே

நட்டை முறுக்கியதும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். குணாதான் ஓட்டினான். ஷா ஆலம் வளைவைத் தாண்டி மிதித்தான் பாருங்கள், கிழட்டு வண்டி முன்னால் பாய்ந்தது. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது.

"பறக்குதுண்ணே! ஐயோ, பறக்குது!"

ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். விமலாவுக்கு ஃபோன் போட்டு, "வண்டி சத்தத்தக் கேளு" என்று ஜன்னலுக்கு வெளியே ஃபோனை நீட்டினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை. பெட்டி காலி, சாலை சமம். வண்டி பறக்காமல் என்ன செய்யும்?

நானும் சந்தோஷப்பட்டேன். என் கையும் தாளம் போட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது.

மலையில்

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. பட்டறையில் நான் மட்டும். ஃபோன் அடித்தது.

"அண்ணே, வண்டி நின்னுடுச்சு."

"எங்க?"

"பாதி மலையில. மொதல்ல ஏதோ உடையிற சத்தம். அப்புறம் வெள்ளப் பொக, கண்ணே தெரியல. மூணாவது கியர்ல ஏறிக்கிட்டு இருந்தேண்ணே. சூப்பரா ஏறிச்சு."

"திருப்பி ஸ்டார்ட் பண்ணாத. அப்படியே விடு."

"தோட்டத்துல ரெண்டு மணி வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. யாருகிட்டயாச்சும் வண்டி இருக்காண்ணே? உங்களுக்குத் தெரிஞ்ச யாராச்சும்?"

நாலு பேரைக் கூப்பிட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் யார் வண்டி சும்மா இருக்கும்? இரண்டு மணி அடித்தது. குணாவின் பூ அந்தப் புது பிக்அப்பில் ஏறியது. குணா சாலையோரம் மழையில் நின்றுகொண்டிருந்தபோது அந்த வண்டி அவனைத் தாண்டித்தான் இறங்கிப் போயிருக்கிறது. ஒரு ஹார்ன் அடித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனானாம். நல்ல மனசோடுதான் காட்டினான் என்றான் குணா.

கடைக்கார அக்கா திட்டக்கூட இல்லை. "தம்பி, நான் என்ன பண்றது சொல்லு? நாளைக்கு விடிஞ்சா எல்லாரும் மாலைக்கு வந்து நிப்பாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆறிய டீ

இழுவை லோரியில் வண்டி என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. தீபாவளி முடிந்த மறுநாள் மத்தியானம் இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றினேன். குணா பக்கத்திலேயே நின்றான். அவன் சட்டையில் அன்றும் அந்த வாசம் இருந்தது.

மூன்றாவது பிஸ்டனின் தலையில் ஓட்டை. விளிம்பெல்லாம் எலி கொறித்த ரொட்டி மாதிரி அரித்துப்போயிருந்தது. நாள் கணக்காக, அடி மேல் அடி வாங்கிய பிஸ்டன்.

"நான்தாண்ணே ரொம்ப மிதிச்சிட்டேன்" என்றான் குணா. "நல்லா ஏறுதேன்னு ஆசையில மிதிச்சிட்டேன்."

"போய் டீ வாங்கிட்டு வா" என்று அவனைத் தெருமுனையில் இருந்த சாலையோர ஒட்டுக்கடைக்கு அனுப்பினேன்.

அவன் போனதும் டார்ச் அடித்து பம்ப்பைப் பார்த்தேன். பம்ப்பிலும் இன்ஜினிலும் ஒரே நேரில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். இழுவைக்காகத் திருப்பினால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு தீக்குச்சித் தடிமன் விலகல் இருக்கலாம். அதுவே அதிகம். அங்கே மூன்று தீக்குச்சி இருந்தது. என் ஆயுசில் அப்படித் திருப்பியது இல்லை. சத்தம் கேட்கும் கேட்கும் என்று காத்திருந்து திருப்பிக்கொண்டே போயிருக்கிறேன்.

எந்த மெக்கானிக் குனிந்து பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான், இது பம்ப் வைத்தவன் குற்றம் என்று.

ஸ்பேனரை எடுத்தேன். நட்டுகளைத் தளர்த்தினேன். பம்ப்பைப் பின்னால் திருப்பி, கோட்டுக்குக் கோடு நேராக வைத்து முறுக்கினேன். புதிதாகத் திருப்பிய தடம் தெரியாமலிருக்க விரலால் கொஞ்சம் கிரீஸ் எடுத்துப் பூசினேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அன்று கை கூசவில்லை.

குணா டீயோடு வந்தான். ஒரு மிடறு குடித்துவிட்டு எரிந்து விழுந்தேன்.

"ஏம்ப்பா, ஒட்டுக்கடை இந்தா இருக்கு, இப்படி ஆறின தண்ணிய வாங்கிட்டு வந்திருக்க?"

"கடையில கூட்டம்ணே" என்றான்.

"ஆமா, நீ சொன்னதுதான்" என்றேன் நான், பிஸ்டனைக் காட்டி. "கிழட்டு இன்ஜின். மேட்டுல இவ்வளவு மிதிக்கக்கூடாது."

தலையை ஆட்டினான். வேறு இன்ஜின் தேடிப் போடுகிறேன், கூலி வேண்டாம் என்று பெரிய மனுசன் மாதிரி சொன்னேன். "எதுக்குண்ணே, கடை ஆர்டரே போச்சு" என்றான். வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் என் பட்டறைப் பக்கம் வருவது குறைந்தது. கண்டால் சிரிப்பான். கோபம் இல்லை. கொஞ்ச நாள் வேறொருவர் லோரியில் பூ ஏற்றி இறக்கினான். அப்புறம் செந்தூலில், பழைய ரயில்வே வட்டாரத்தில் எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் ஜாகா வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். சீருடை போட்டுக்கொண்டு வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் காவல் வேலை.

நான்? கை தவறிவிட்டது, ஒரு முறைதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத் திருப்பினேன். ஸ்க்ரூடிரைவரை மட்டும் கீழே வைக்கவில்லை.

பொத்தான்

போன வருடம் தனம் என்னைப் பிடிவாதமாகக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும்.

எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் ஏதோ செய்வது மட்டும் தெரிந்தது. அவள் தோள் அசையும்போதெல்லாம் அமுக்கினேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "அங்கிள், இப்ப நான் சத்தமே வைக்கல. எழுதிக்கிட்டுதான் இருந்தேன்."

அந்த அறுபது வயதிலும் அங்கேயும் ஏமாற்றத்தான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கூரான சத்தங்கள் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். காதுக்கு மிஷின் கொடுத்தார்கள்.

அதை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்த முதல் நாள், அந்த வாரம் நான் பம்ப் வைத்த வேன் ஒன்றை ஸ்டார்ட் செய்தேன். உள்ளே யாரோ சுத்தியலால் அடித்தார்கள். குணா சொன்ன அதே சுத்தியல். இன்ஜினை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேனின் பம்ப்பைக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அன்றைக்கே குணாவிடம் போயிருக்க வேண்டும். மாதங்கள் ஓடின. இரண்டு வாரத்துக்கு முன்பு அந்த வாசகரின் கடிதம் வந்த பிறகுதான் அவனைப் பார்க்கக் கொம்யூட்டர் ரயில் ஏறினேன்.

செந்தூல்

காவல் அறையில் ஒரு ஃபேன், ஒரு பெரிய நோட்டு, பிளாஸ்டிக் பையில் கோப்பி. குணாவுக்குத் தலை நரைத்திருந்தது. சீருடையில் பூ வாசம் இல்லை. நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான்.

சொன்னேன். காது, கோடு, மூன்று தீக்குச்சி, கிரீஸ், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"டீ வாங்கிட்டு வந்தேன்ல. நீங்க பம்ப்ப திருப்பிக்கிட்டு இருந்தீங்க. முடிக்கட்டும்னு வாசல்லயே நின்னுட்டேன். அதான் டீ ஆறிப்போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"ஏம்ப்பா அன்னிக்கே கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. உங்களுக்குக் காது கேக்கலன்னு வெளிய தெரிஞ்சா பட்டறையும் போயிடும். ஒரு வீட்டுப் பொழப்பு போனது போதும்னு விட்டுட்டேன். விமலாகிட்டகூட சொல்லல."

வாசலில் ஒரு காடி வந்து நின்று ஹார்ன் அடித்தது. வெளியே போய்க் கம்பத்தைத் தூக்கி, காடிக்காரப் பெண்ணுக்கு சல்யூட் அடித்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அதுக்கப்புறம் காதுல வச்சுத் திருப்புறத விட்டுட்டீங்கதானே?"

அவன் முகத்தில் கோபமே இல்லை. நான் விட்டிருப்பேன் என்றே நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு கம்பத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் முதலில் வாய் திறந்தேன்.

"இல்லப்பா" என்றேன். "போன வருஷம் வரைக்கும்."

தொப்பியைக் கழற்றினான். கையில் வைத்துப் பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"எத்தன வண்டிண்ணே?"

திரும்பும் வழியில் கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறி, கிள்ளான் வரும்வரை எண்ணினேன். மீன் வேன், ஐஸ் வேன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் விற்கிறவரின் பிக்அப், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் இரண்டு. ஷா ஆலம் தாண்டும்போது இருபதைக் கடந்துவிட்டது. கிள்ளான் வந்துவிட்டது, எண்ணி முடியவில்லை. சிலருக்குப் பெயர் நினைவில்லை. சிலர் அப்புறம் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்டதும் இல்லை.

உங்கள் வண்டிக்கு நான் பம்ப் வைத்திருந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள். அளவுமானியை டப்பாவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். வண்டி இப்போது ஓடவில்லை என்றால் அதையாவது சொல்லி அனுப்புங்கள். எத்தனை வண்டி என்று குணா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.